மனம் நோகாத வரலாறு

ரோசா பார்க்ஸ் என்ற அம்மையாரைப் பேருந்தில் வேறு இருக்கைக்கு மாறச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். அவ்வளவுதான் கதை.

ஏன் மாறச் சொன்னார்கள்? ஜன்னலோரம் சாரல் அடித்ததா? கைக்குழந்தையோடு யாராவது நின்றுகொண்டிருந்தார்களா? எழுந்திருக்க மறுத்த அந்த அம்மையாருக்காக மான்ட்கமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்களே, அது உடம்பு இளைப்பதற்காகவா? 2023இல் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஒன்றாம் வகுப்புக்காக ஒரு பாடநூல் நிறுவனம் தயாரித்த வரைவில் இதற்கெல்லாம் பதில் இல்லை. முதலில் இருந்த பாடத்தில், வெள்ளையர் உட்காரக் கறுப்பினத்தவர் எழுந்து இடம்விட வேண்டும் என்று சட்டமே இருந்தது என்று சொல்லியிருந்தார்கள். திருத்திய பாடத்தில் சட்டம் இறங்கிப் போய்விட்டது, தோலின் நிறம் மட்டும் மிஞ்சியது. மறுபடி திருத்தினார்கள், நிறமும் இறங்கிப் போனது. கடைசியில் காலிப் பேருந்தில் ஓர் அம்மையார் காரணமில்லாமல் அடம்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செய்தி வெளியாகிச் சந்தி சிரித்ததும், இனத்தை நீக்கச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லையே என்று மாநிலக் கல்வித்துறை கைவிரித்தது. உண்மைதான், கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லாதபடி சட்டம் இயற்றுவதில்தான் இருக்கிறது திறமை. எது தப்பு என்று தெளிவாகச் சொல்லாமல், தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும். மிச்சத்தைப் பயம் பார்த்துக்கொள்ளும். அதற்குச் சம்பளமும் கிடையாது.

2021 தொடங்கி அமெரிக்காவில் பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள், இனம் பற்றியும் இனவெறி பற்றியும் பள்ளிகளில் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று சட்டமோ விதியோ போட்டிருக்கின்றன. இவற்றில் பலவற்றில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. தன் இனத்தின் காரணமாக ஒருவர் சங்கடமோ குற்றவுணர்வோ வேதனையோ வேறெந்த மன உளைச்சலோ அடைய வேண்டும் என்று எந்தப் பாடமும் சொல்லக் கூடாது. படித்தால் தங்கமான வாசகம். எந்த ஆசிரியராவது வகுப்பில் எழுந்து, ஏ வெள்ளைக்காரப் பையா, நீ அழு என்று சொன்னால் அவரை வேலையைவிட்டு நீக்க வேண்டியதுதான். ஆனால் நடைமுறையில் இந்த வாசகம் வேறு வேலை செய்கிறது. பாடம் அழச் சொன்னதா என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை முகம் வாடிவிட்டதா, அல்லது அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டதா என்பதுதான் சோதனை.

சரி, பிள்ளைகள் மனம் நோகக்கூடாது, ஒப்புக்கொள்வோம். எந்தப் பிள்ளை என்று மட்டும் கேட்டுவைப்போம்.

ஓக்லஹோமா மாநிலத்தில் இந்தச் சட்டத்துக்கு ஆளுநர் கெவின் ஸ்டிட் கையெழுத்திட்ட நாள் 2021 மே 7. நாள் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதே மாத இறுதியில் அதே மாநிலத்தின் டல்சா நகரம், கிரீன்வுட் படுகொலையின் நூற்றாண்டை நினைவுகூரத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த நூற்றாண்டுக் குழுவில் ஆளுநரும் உறுப்பினர். கையெழுத்திட்ட ஒரு வாரத்தில் குழு அவரை வெளியேற்றியது. அவருடைய மனம் நொந்ததா என்று தெரியவில்லை.

1921 மே 31. மின்தூக்கியில் ஒரு வெள்ளைப் பெண்ணைத் தாக்கினான் என்று குற்றம் சாட்டப்பட்டு, காலணி துடைக்கும் கறுப்பின இளைஞன் ஒருவன் காவலில் இருந்தான். நீதிமன்றத்தின் முன்னே வெள்ளையர் கும்பல் கூடியது. அவனை இழுத்துக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து கறுப்பினத்தவர் சிலர் காவலுக்குப் போனார்கள். விடிவதற்குள் கும்பல் கிரீன்வுட் பகுதிக்குள் புகுந்தது. அது கறுப்பினத்தவர் தாங்களே கட்டிய வணிகப் பகுதி. மருத்துவர், வழக்கறிஞர், விடுதி, திரையரங்கு, பத்திரிகை எல்லாம் இருந்தன, அதனால் கறுப்பர்களின் வால் ஸ்ட்ரீட் என்று பெயர். மறுநாள் முடிவதற்குள் ஏறக்குறைய 35 கட்டடத் தொகுதிகள் சாம்பல். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது பிற்கால மதிப்பீடு. கொன்றதற்கும் கொளுத்தியதற்கும் ஒரு வெள்ளையர்கூடச் சிறைக்குப் போகவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள், கலவரத்தால் வந்த சேதத்துக்குப் பணம் கிடையாது என்று பாலிசியின் சிறு எழுத்தைக் காட்டின. உயிர் பிழைத்தவர்களைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். வெளியே வருவதற்கு அடையாள அட்டை வேண்டும், அதற்கு வேலை கொடுக்கும் வெள்ளையரின் சான்று வேண்டும். அந்த அட்டையின் நிறம் பச்சை. அமெரிக்காவில் பச்சை அட்டைக்காக வரிசையில் நிற்கும் நம்மவர்கள் இந்த வரியை மட்டும் இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்த நகரம் பிறகு ஒரு காரியம் செய்தது. கும்பலைத் தூண்டியதாகக் கருதப்படும் செய்தியைத் தாங்கிய உள்ளூர்ப் பத்திரிகையின் பக்கம், நுண்படம் எடுக்கப்படும் முன்பே கிழிக்கப்பட்டிருந்தது. பல பத்தாண்டுகள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை. அரசு ஒரு விசாரணைக் குழு அமைக்க 1997 வரை ஆனது, அறிக்கை வர 2001 ஆனது. டல்சாவிலேயே பிறந்து டல்சாவிலேயே படித்து வளர்ந்தவர்கள், நடுவயதில்தான் இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டதாகச் சொல்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவர்கள் 35 தொகுதிகளை மறைத்தார்கள், எண்பது வருடம் பந்தி நடந்தது.

கொளுத்தியபோது வயோலா ஃப்ளெச்சருக்கு வயது ஏழு. நூற்றாண்டுக்குச் சில நாள் முன்பு, அதாவது ஆளுநர் கையெழுத்திட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து, 107 வயதில் அவர் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் வந்து உட்கார்ந்து, அந்தப் புகையும் சடலங்களும் இன்றும் தன் கண்ணில் இருப்பதாகச் சாட்சி சொன்னார். ஓர் ஏழு வயதுப் பிள்ளையின் மன உளைச்சல், நூறு வருடம் முற்றியது. சட்டம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நஷ்டஈடு கேட்டுத் தொடர்ந்த வழக்கை 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025 நவம்பரில், 111 வயதில் அவர் காலமானார். இன்னும் பிறக்காத ஒரு பிள்ளை என்றைக்கோ ஒருநாள் வகுப்பறையில் நெளியக்கூடுமே என்று அக்கறைப்பட்டுச் சட்டம் இயற்ற முடிந்த மாநிலத்துக்கு, நெருப்பில் ஓடிய பிள்ளைக்கு ஒரு டாலர் கொடுக்க வழி தெரியவில்லை.

2023 ஜூலையில் அந்த மாநிலத்தின் கல்வித் தலைவர் ரையன் வால்டர்ஸிடம் ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு டல்சாவை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? அவர் சொன்ன பதிலின் சாரம், தோலின் நிறம்தான் அதைத் தீர்மானித்தது என்று முடிச்சுப் போட வேண்டாம் என்பது. பிறகு, என் பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்றும் சொன்னார். அப்படியானால் கிரீன்வுட் எரிந்ததன் காரணம் மின்கசிவாக இருக்கலாம். அதுவும் கறுப்பினத்தவர் வீட்டு வாசலோடு சரியாக நின்றுவிட்ட மின்கசிவு. இதற்கு ஓராண்டு முன்பு, ஆசிரியர்களுக்கு நடத்திய ஒரு பயிற்சியின் மேல் வந்த புகாருக்காக இந்தச் சட்டத்தின் கீழ் மாநிலக் கல்வி வாரியம் அங்கீகாரத்தைக் குறைத்து எச்சரிக்கை கொடுத்த பள்ளி மாவட்டங்களில் ஒன்று எது தெரியுமா? டல்சா.

பள்ளிக்குள் புகுந்துவிட்டதாக இவர்கள் பயமுறுத்தும் பேய்க்கு ஒரு பெயர் வேண்டுமே. கிரிட்டிகல் ரேஸ் தியரி என்று வைத்தார்கள். டெரிக் பெல், கிம்பர்லே கிரென்ஷா போன்ற சட்டப் பேராசிரியர்கள் 1970களிலும் 80களிலும் வளர்த்த ஆய்வுமுறை அது. சிவில் உரிமைச் சட்டங்கள் வந்த பிறகும் ஏற்றத்தாழ்வு ஏன் போகவில்லை, சட்டத்துக்குள்ளேயே அது எங்கே பதுங்கியிருக்கிறது என்று பார்ப்பது அதன் வேலை. சட்டக் கல்லூரி மாணவரே கொட்டாவி விடும் அடிக்குறிப்புகள் நிறைந்தது. அதை மூன்றாம் வகுப்பில் யாரும் நடத்தவில்லை. ஆனால் கிறிஸ்டோபர் ரூஃபோ என்ற பிரசாரகர் 2021 மார்ச்சில் தன் திட்டத்தை ஒளிவுமறைவின்றி எழுதினார்: செய்தித்தாளில் எந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் படித்தாலும் மக்களுக்கு உடனே இந்தப் பெயர் ஞாபகம் வர வேண்டும். திருடன் வீட்டு வாசலில் நேரம் எழுதி ஒட்டிவிட்டுப் போகிறான், வீட்டுக்காரர்கள் அதே நேரத்துக்குக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பிலும் கோமாளிகள் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. 2020இல் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகமே தன் இணையப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டது. கடின உழைப்பு, பகுத்தறிவுச் சிந்தனை, நேரந்தவறாமை எல்லாம் வெள்ளைப் பண்பாட்டின் கூறுகள் என்றது அந்த அட்டவணை. பருத்திக் காட்டில் முதுகு ஒடிந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய், உழைப்பு உங்கள் பண்பாடு இல்லை என்று சொல்லும் முற்போக்கை நான் எந்தக் கணக்கில் வைப்பது? கண்டனம் வந்ததும் எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட உளறல்கள் நிறுவனப் பயிற்சிப் பட்டறைகளில் காசு பார்த்தன. அதைக் கண்டிக்கலாம், கிண்டல் செய்யலாம். ஆனால் ஒரு மோசமான அட்டவணைக்குப் பழிவாங்க ரோசா பார்க்ஸின் நிறத்தை அழிப்பது எந்த ஊர் நியாயம்?

மறுபடியும் ஃப்ளோரிடாவுக்கு வருவோம், அது அள்ள அள்ளக் குறையாத சுரங்கம். 2023 ஜூலையில் அந்த மாநிலம் வெளியிட்ட சமூக அறிவியல் பாடத்திட்டத்தில் ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. அடிமைகள் சில திறன்களை வளர்த்துக்கொண்டார்கள், அவை சில நேரங்களில் அவர்களுடைய சொந்த நன்மைக்கும் பயன்பட்டிருக்கலாம். அடடா, தொழிற்பயிற்சி! உணவும் உறைவிடமும் இலவசம், படிப்பு முடியும் தேதி மட்டும் கிடையாது. பயிற்சியாளர்களின் பிள்ளைகளைத் தனியே ஏலம் விடும் வசதியும் உண்டு. அதே பாடத்திட்டம், ஓக்கோயி போன்ற படுகொலைகளைச் சொல்லும் இடத்தில், ஆப்பிரிக்க அமெரிக்கர் மீதும் ஆப்பிரிக்க அமெரிக்கராலும் நடந்த வன்முறை என்று தராசைச் சமமாகப் பிடிக்கிறது. 1920இல் ஓக்கோயியில் கறுப்பின மனிதர் ஒருவர் ஓட்டுப்போடப் போனார். ஊரில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதியே எரிக்கப்பட்டது. அவர் பக்கத்து வன்முறை, ஓட்டுச்சீட்டைக் கேட்டதாக இருக்க வேண்டும்.

திறன் வளர்த்தவர்கள் யார் யார் என்று பத்திரிகைகள் கேட்டன. பாடத்திட்டக் குழுவைச் சேர்ந்த இருவர் பதினாறு பெயர்களைக் கொடுத்தார்கள். பார்த்தால், அவர்களில் பலர் அடிமையாகவே இருந்ததில்லை. கருமான் வேலை கற்றதாகச் சொல்லப்பட்ட லூயிஸ் லாட்டிமர் சுதந்திரமாகப் பிறந்தவர், வரைபடக் கலைஞர், கண்டுபிடிப்பாளர். செருப்புத் தைத்தவர் என்று பட்டியலில் இருந்த பெட்டி வாஷிங்டன் லூயிஸ், ஜார்ஜ் வாஷிங்டனின் கூடப்பிறந்த தங்கை. வெள்ளையர். அடிமைகளை வைத்திருந்தவர். வரலாற்றைச் சரியாகக் கற்பிக்கக் கிளம்பியவர்களுக்கு முதலில் யாராவது வரலாறு கற்பித்திருக்கலாம். அவர்கள் மனமும் கொஞ்சம் நொந்திருக்கும், நல்லதுக்குத்தான்.

டெக்சஸ் பின்தங்கிவிடவில்லை. அங்கே 2015இல், ஒரு பெரிய பதிப்பகத்தின் புவியியல் புத்தகத்தில், குடியேற்றம் பற்றிய பாடத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து மில்லியன் கணக்கான தொழிலாளர்கள் தோட்டங்களில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்டதாக அச்சிட்டிருந்தார்கள். பதினைந்து வயது மாணவன் ஒருவன் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பிய பிறகுதான் மன்னிப்பும் திருத்தமும் வந்தன. 2021இல் சவுத்லேக் என்ற பணக்கார ஊரில் கல்வி அதிகாரி ஒருவர், வகுப்பறையில் யூத இனப்படுகொலை பற்றிய புத்தகம் இருந்தால் மாற்றுக் கருத்துள்ள புத்தகமும் இருக்கட்டும் என்று ஆசிரியர்களுக்கு அறிவுரை சொன்னார். ஒலிப்பதிவு வெளிவந்தது, மன்னிப்புக் கேட்டார்கள். 2022இல் ஆசிரியர் குழு ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு அடிமை வாணிபத்தைத் தன்விருப்பற்ற இடமாற்றம் என்று சொல்லலாம் என முன்மொழிந்தது. மாநிலக் கல்வி வாரியமே கூச்சப்பட்டுத் திருப்பி அனுப்பியது. அந்தச் சொல் நம்மூர் அரசு ஊழியர்கள் வாங்கும் இடமாற்ற உத்தரவு மாதிரி இருக்கிறது, பயணப்படிதான் இல்லை.

காட்டிக்கொடுப்பவர்களுக்கும் ஊக்கத்தொகை இருந்தது. 2021இல் நியூ ஹாம்ப்ஷயரில் பெற்றோர் அமைப்பின் கிளை ஒன்று, சட்டத்தை மீறும் ஆசிரியரை முதலில் பிடித்துக்கொடுப்பவருக்கு 500 டாலர் என்று அறிவித்தது. 2022இல் வெர்ஜீனியாவின் அன்றைய ஆளுநர், ஆசிரியர்களைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரியே திறந்தார். பின்பு சத்தமில்லாமல் மூடினார்கள். மயாமி அருகே ஒரு பள்ளியில், அமெரிக்க அதிபரின் பதவியேற்பு விழாவில் அமாண்டா கோர்மன் வாசித்த கவிதையைத் தொடக்க வகுப்புகளிலிருந்து நகர்த்த ஒரே ஒரு பெற்றோரின் புகார் போதுமானதாக இருந்தது. புகார்ப் படிவத்தில் நூலாசிரியர் பெயர் என்ற இடத்தில் ஓப்ரா வின்ஃப்ரே என்று எழுதியிருந்தது.

இனி, ரூபி பிரிட்ஜஸ்.

1960 நவம்பர் 14. நியூ ஆர்லியன்ஸ். ஆறு வயது ரூபி, வெள்ளையர் மட்டும் படித்த ஒரு தொடக்கப் பள்ளிக்குள், மத்திய அரசின் மார்ஷல்கள் சூழ நடந்து போனாள். வெளியே பெரியவர்கள், பெற்றோர்கள், முக்கியமாகத் தாய்மார்கள் நின்று கத்தினார்கள். ஒருத்தி சின்னச் சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையை வைத்துத் தூக்கிக் காட்டினாள். வெள்ளைப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஒரே ஓர் ஆசிரியை, அந்த ஒரே ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் பாடம் நடத்தினார். ரூபியின் அப்பாவுக்கு வேலை போனது. மிசிசிப்பியில் குத்தகைக்கு உழுத தாத்தா பாட்டியை நிலத்தைவிட்டுத் துரத்தினார்கள்.

அந்த ரூபி பெரியவளாகித் தன் கதையைச் சிறு பிள்ளைகளுக்காக எளிமையாக எழுதினார். 2021இல் டென்னசியின் வில்லியம்சன் மாவட்டத்தில், இரண்டாம் வகுப்புக்கு அந்தப் புத்தகம் வேண்டாம் என்று பெற்றோர் அமைப்பு ஒன்று புகார் கொடுத்தது. 2023இல் ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், அவரைப் பற்றிய டிஸ்னி படத்தை ஒரு தாயின் புகாருக்காக ஒரு பள்ளி நிறுத்திவைத்தது. வெள்ளையர் கறுப்பினத்தவரை வெறுக்கிறார்கள் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுவார்களாம். பிறகு மறுஆய்வு செய்து அனுமதித்தார்கள். ஆறு வயதில் சவப்பெட்டியைத் தாண்டி நடக்க ஒரு பிள்ளைக்கு வயது போதும். ஏழு வயதில் அதைப் படமாகப் பார்க்க இன்னொரு பிள்ளைக்கு வயது போதாது. அன்று கத்திய தாய்மார்களின் முகம் புகைப்படங்களில் இருக்கிறது. யாருடைய பாட்டியோ அடையாளம் தெரிந்துவிடும் என்பதுதான் உண்மையான கவலை என்றால், அதை வாய்விட்டுச் சொல்லித் தொலைக்கலாம். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும்?

பள்ளியில் இனத்தைப் பற்றிக் கற்பிக்கலாமா என்ற கேள்வியே ஒரு மோசடி என்று நான் நினைக்கிறேன். அமெரிக்கப் பள்ளி அதைக் கற்பிக்காமல் இருந்த நாளே கிடையாது. 1740இல் தென் கரோலினா, அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. நாட் டர்னர் கிளர்ச்சி நடந்த 1831ஐ ஒட்டித் தென் மாநிலங்கள் வரிசையாக இறுக்கின. வெர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் மார்கரெட் டக்ளஸ் என்ற வெள்ளைப் பெண்மணி, சுதந்திரமான கறுப்பினப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக 1854இல் ஒரு மாதம் சிறையில் இருந்தார். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்னவர்களின் மகளிர் சங்கத்தைச் சேர்ந்த மில்ட்ரெட் ரூதர்ஃபோர்ட், 1920 வாக்கில் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் ஓர் அளவுகோல் தயாரித்துக் கொடுத்தார். அடிமை முதலாளிகளைக் கொடூரர்கள் என்று சொல்லும் புத்தகத்தை நிராகரியுங்கள், நூலகத்தில் ஏற்கனவே இருந்தால் முகப்பில் தெற்குக்கு இழைத்த அநீதி என்று எழுதிவையுங்கள் என்பது அதன் கட்டளை. அந்த அம்மாவுக்கும் கவலை, தெற்கத்திப் பிள்ளைகளின் மனம் பற்றித்தான். 1957இல் வெர்ஜீனியா அரசே தயாரித்த பாடநூலில் ஒரு படம் உண்டு. கோட்டும் சூட்டும் போட்ட ஆப்பிரிக்கக் குடும்பம் ஒன்று கப்பலில் கண்ணியமான ஒரு வெள்ளையருடன் கைகுலுக்குகிறது. சம்பந்தி வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி. அந்தப் புத்தகம் 1970கள் வரை வகுப்பறையில் இருந்தது. இன்று சட்டமன்றங்களில் உட்கார்ந்து கையைத் தூக்குகிற வயதுக்காரர்கள் சிலர் அதைத்தான் படித்திருப்பார்கள்.

அதே வெர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம், வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதற்காக, 1959இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்து மூடியது. ஐந்து வருடம் பூட்டு. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி கிளம்பியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடமே நடத்தாமல் இனவெறியை இவ்வளவு அழுத்தமாகக் கற்பித்த ஊர் வேறு இருக்காது.

அமைப்பு ரீதியான இனவெறி என்றால் என்ன என்று கேட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று தாங்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள். மிகச் சாதாரணமான விஷயம் அது. 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு பூசி, கடனுக்கு ஆபத்தான இடம் என்று குறித்தது. வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தரும் இன்னொரு அரசு அமைப்பு அங்கெல்லாம் உத்தரவாதம் தர மறுத்தது. டெட்ராய்ட்டில் 1941இல் ஒரு மனைவணிகர், வெள்ளையருக்கு வீடு கட்ட அந்த உத்தரவாதத்தைப் பெறுவதற்காகவே, பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பை மறைத்து ஆறடி உயரத்தில் அரை மைல் நீளச் சுவர் எழுப்பினார். சுவர் இன்றும் நிற்கிறது. (இதைப் படிக்கும்போது சாதிச் சுவர் எழுப்பிய மதுரைப் பக்கத்து ஊர் ஒன்று உங்களுக்கு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டின் விலை ஏறியது, இந்தப் பக்கம் ஏறவில்லை. அமெரிக்கப் பள்ளியின் வரவுசெலவில் கணிசமான பங்கு உள்ளூர் வீட்டுவரியிலிருந்து வருகிறது. ஆக, விலை ஏறாத தெருவில் வரி வராது, வரி வராத இடத்துப் பள்ளியில் கூரை ஒழுகும், கூரை ஒழுகும் பள்ளிக்கு அருகில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள். இதில் எந்த இடத்திலும் யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. சான் அன்டோனியோவில் மெக்சிகோ வம்சாவளியினர் அதிகம் வாழ்ந்த எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 356 டாலர், பக்கத்தில் பணக்கார அலமோ ஹைட்ஸில் 594 டாலர் என்று செலவழித்ததை எதிர்த்துப் பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973இல், ஐந்துக்கு நான்கு என்று தோற்றார்கள்.

ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளை இந்தப் பாடத்தை ஏற்கனவே படித்துக்கொண்டுதான் இருக்கிறது. தினமும், வருகைப்பதிவோடு. தடை செய்யப்பட்டிருப்பது அதற்கான விளக்கவுரை மட்டும். உன் தெரு இப்படி இருப்பதற்கு நீயும் உன் அப்பாவும் காரணம் இல்லை என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பிள்ளையின் குற்றவுணர்வுக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. 2025 ஜனவரி 29 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, இதை மாநில எல்லைகளுக்கு மேலே தூக்கி, பள்ளிகளுக்கான மத்திய நிதியோடு முடிச்சுப் போட்டது. பதிலுக்குத் தேசபக்திக் கல்வி தருவார்களாம்.

இது அமெரிக்காக்காரன் சண்டை, நமக்கென்ன என்பவர்களுக்கு ஒரு சொல். குழந்தைகளின் மனம் நோகும் என்ற இந்த வாதத்தை இன்றைய அமெரிக்க வலதுசாரிகள் சட்டமாக்கும் முன்பே, நம் இந்திய அமைப்புகள் கலிஃபோர்னியாவில் ஒத்திகை பார்த்துவிட்டன. 2005-06இல் ஆறாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகங்களில் சாதி பற்றிய பகுதிகளைத் திருத்தக் கேட்டார்கள், தலித் என்ற குறிப்பையே நீக்கக் கேட்டார்கள். நம் பிள்ளைகள் வகுப்பில் கேலிக்கு ஆளாகிறார்கள் என்றார்கள். 2016இல் மறுபடியும் அதே பஞ்சாயத்து. கேலி நடந்திருக்கலாம், அது தவறுதான். ஆனால் அதே வகுப்பில் ஒரு தலித் பிள்ளையும் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற நினைப்பு, மனம் நோகாமையைப் பற்றிக் கண்ணீர் மல்கப் பேசியவர்களில் எத்தனை பேருக்கு வந்தது?

இந்த நினைப்பின்மை புதிதல்ல. 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர், தனக்குக் குடியுரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் நின்றார். அவர் தரப்பு வாதம், நாங்கள் உயர்சாதி ஆரியர்கள், ஆகவே வெள்ளையர்கள் என்பது. நீங்கள் நீக்ரோவை மண உறவுக்கு எப்படிப் பார்க்கிறீர்களோ அப்படித்தான் நாங்களும் எங்கள் ஊர்ப் பூர்வகுடியினரைப் பார்க்கிறோம் என்ற தொனியில் சான்றும் காட்டினார்கள். நீதிபதிகள் ஏகமனதாக, நீ வெள்ளையன் இல்லை, போ என்றார்கள். ஏற்கனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அது பறிக்கப்பட்டது. சாதியைக் காட்டிக் கதவைத் தட்டியவருக்குக் கதவு திறக்கவில்லை. அது உண்மையில் திறந்தது 1965இல், குடியேற்றச் சட்டம் மாறியபோது. சிவில் உரிமைச் சட்டம் வந்து ஓராண்டு, வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டு மாதம். மான்ட்கமரியில் நடந்தவர்கள், நாய்களை ஏவியும் அசையாதவர்கள், சவப்பெட்டியைத் தாண்டிப் பள்ளிக்குள் நுழைந்தவர்கள் மாற்றிவிட்ட நாட்டில்தான் அந்தச் சட்டம் சாத்தியமானது. மார்ட்டின் லூதர் கிங் 1959இல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தார். மாணவர்களில் பெரும்பாலோர் தலித் பிள்ளைகள். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று தலைமையாசிரியர் தன்னை அறிமுகப்படுத்தியதாகவும், முதலில் சுருக்கென்று இருந்தாலும் பிறகு யோசித்து, ஆமாம், அதுதான் உண்மை என்று ஒப்புக்கொண்டதாகவும் 1965இல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னார். மனம் நொந்தார், அதனால் ஒன்றைக் கற்றுக்கொண்டார்.

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர்களே, வீடு தேடும்போது முதலில் எதைப் பார்த்தீர்கள்? ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லதா என்று. பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று. அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுத்துத்தான் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், தவறென்று சொல்லமாட்டேன், யாரும் தன் பிள்ளைக்கு ஒழுகும் கூரையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆனால் கோட்டை யார் எப்போது போட்டார்கள் என்பதையாவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியாக அது இருக்கட்டும். உங்கள் ஊர்ப் பள்ளி வாரியம் மாதந்தோறும் கூடுகிறது, பொதுமக்கள் பேச இரண்டு மூன்று நிமிடம் தருகிறார்கள். புகார்ப் படிவம் நிரப்புகிறவர்கள் ஒருமுறைகூடத் தவறாமல் வருகிறார்கள். நீங்கள் அந்த நேரத்தில் கணித வகுப்புக்கும் பரதநாட்டிய வகுப்புக்கும் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு மாலை அதை விடுங்கள். போய்ப் பெயரைப் பதிந்து, மைக்கின் முன்னால் நின்று, எங்கள் பிள்ளைக்கு டல்சாவைச் சொல்லிக்கொடுங்கள், ரோசா பார்க்ஸ் ஏன் எழவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். சாதியைப் பற்றியும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், உங்கள் மனம் நொந்தாலும் பரவாயில்லை.